மலை வீங்கும்போதே கவனியுங்கள்

பிள்ளைகளே,

எரிமலை என்று பேச்செடுத்தால் எல்லோரும் வெடித்த நாளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சாம்பல் எவ்வளவு உயரம் போனது, எத்தனை பேர் மாண்டார்கள், எந்த ஊர் புதைந்தது? நிலவியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். என்னைக் கேட்டால், வெடித்த நாளைவிட அதற்கு முந்தைய வாரங்களைப் படியுங்கள் என்பேன். வெடித்த அன்று எல்லாம் கைமீறிப் போயிருக்கும். முந்தைய வாரங்களில்தான் மலை நடுங்குகிறது, உப்புகிறது, மூச்சு விடுகிறது, சில நேரம் மூச்சை அடக்கியும் கொள்கிறது. பக்கத்தில் இருந்து கவனிக்க ஆள் இருந்தால் அவ்வளவும் தெரியவரும்.

மனிதர்களும் அப்படித்தான் என்பது நாளாக ஆக எனக்கு உறுதிப்பட்டுவிட்டது. உள்ளே ஏறுகிற அழுத்தம் வெளியே ஏதாவது ஒரு வகையில் தெரிந்தே தீரும். முதலில் மிகச் சின்னதாகத் தெரியும். அந்தச் சின்ன அளவிலேயே கண்டுகொண்டவர்கள் தாங்களும் பிழைத்தார்கள், பக்கத்தில் இருந்தவர்களையும் பிழைக்க வைத்தார்கள். உங்கள் வயதில் தெரிந்துகொண்டால் வாழ்நாள் முழுக்க உதவும் விஷயம் இது. அதனால் நிதானமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அடியில் என்ன நடக்கிறது?

பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகிறது. அதுதான் மாக்மா. சுற்றியுள்ள திடப்பாறையைவிட அதற்கு அடர்த்தி குறைவு. ஆகவே மேலே ஏறப் பார்க்கும். ஏறியதும் நேரே உச்சிக்கு வந்துவிடாது. நடுவில் சில கிலோமீட்டர் ஆழத்தில் தேங்கி நிற்கும். கீழிருந்து புதுக்குழம்பு வந்துகொண்டே இருக்க, தேங்கிய இடத்தில் நெருக்கடி கூடும். அப்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன.

சுற்றிலும் உள்ள பாறை நெருக்கடி தாங்காமல் விரிசல் விடுகிறது. ஒவ்வொரு விரிசலும் ஒரு குட்டி நிலநடுக்கம். பெரும்பாலானவை மனிதருக்குத் தெரியாது, கருவிக்கு மட்டும் தெரியும். அடுத்து, மேலே உள்ள நிலம் உப்புகிறது. மலையின் சரிவு வெளிப்பக்கமாகச் சாய்கிறது. மூன்றாவதாக, குழம்பில் கரைந்திருந்த நீராவியும் கரியமில வாயுவும் கந்தக டை ஆக்சைடும் பிளவுகள் வழியே கசிந்து வெளிவருகின்றன.

இந்த வாயுதான் முழு விவகாரத்துக்கும் மூலம். கோலி சோடாவைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் கோலி அடைத்திருக்கும்வரை வாயு தண்ணீருக்குள் அடங்கிக் கிடக்கும். கோலியைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளியதும் பொங்கிக்கொண்டு வரும். மாக்மாவின் கணக்கும் அதுவே. ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் வாயு கரைந்தே இருக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் தளரும், குமிழ்கள் பிறக்கும், குழம்பு இன்னும் லேசாகும், இன்னும் விசையாக ஏறும். ஹவாயில் வரும் பசால்ட் குழம்பு இளக்கமானது. குமிழ்கள் சுலபமாகத் தப்பித்துவிடும். சிலிக்கா கூடுதலாக உள்ள டேசைட் போன்ற குழம்பு கெட்டியானது. குமிழ்கள் அதில் மாட்டிக்கொள்ளும். பெரும் வெடிப்புகளுக்குக் காரணம் இப்படி மாட்டிக்கொண்ட வாயுதான்.

இங்கே முதல் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் வருவது யாருடைய குற்றமும் இல்லை. பூமி உயிரோடு இருக்கிறவரை மாக்மா ஏறும். நீங்கள் உயிரோடு இருக்கிறவரை படிப்பு, வேலை, கடன், காதல், வீட்டின் எதிர்பார்ப்பு என்று ஏதோ ஒன்று கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். தனக்கு அப்படி எதுவுமே இல்லை என்று சொல்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அழுத்தம் இருக்கிறது என்பதற்காக வெட்கப்பட வேண்டாம். எவ்வளவு இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்து வைத்திருங்கள். அது போதும்.

எரிமலை ஓரத்தில் குடியேறிய மனிதர்

1902 மே 8 அன்று கரீபியக் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தது. செயின்ட் பியர் என்ற துறைமுக நகரம் சில நிமிடங்களில் எரிந்து போனது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டார்கள். அந்த அழிவை நேரில் பார்க்கப் போன நிலவியலாளர்களில் ஒருவர் தாமஸ் ஜாகர். வெடித்த பிறகு வந்து பார்த்துப் பயனில்லை, எரிமலை ஓரத்திலேயே குடியிருந்து அன்றாடம் கவனிக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1912-இல் ஹவாய்த் தீவில் கிலாவேயா எரிமலையின் விளிம்பிலேயே ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். அது இன்றும் இயங்குகிறது.

அங்கே நிலவறை ஒன்றில் நிலநடுக்கமானிகளை வைத்தார்கள். கரிப்புகை படிய வைத்த காகிதம் உருளையில் சுற்றிக்கொண்டிருக்கும். மெல்லிய முள் ஒன்று அதில் வெள்ளைக் கோடு கீறிக்கொண்டே போகும். நிலம் குலுங்கினால் கோடு துடிக்கும். ஆனால் குலுக்கமே இல்லாத நாட்களிலும் முள் தன் இடத்தை விட்டு மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்வதைக் கவனித்தார்கள். நகர்ந்தது முள் மட்டும் இல்லை. நிலையம் நின்ற தரையே சாய்ந்துகொண்டிருந்தது! உள்ளே குழம்பு சேரும்போது உச்சி உப்பித் தரை வெளிப்பக்கம் சாய்கிறது. குழம்பு வடிந்ததும் திரும்பி வருகிறது. குலுக்கத்தை அளக்க வைத்த கருவி, மலை மூச்சு விடுவதையும் காட்டிக்கொடுத்தது.

இன்றைய சாய்வுமானிகளின் நுட்பத்தை ஒரு கணக்கில் சொல்கிறேன். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள விறைப்பான பலகையின் ஒரு முனைக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் கனத்தைச் செருகினால் எவ்வளவு சாயுமோ, அதுதான் ஒரு மைக்ரோரேடியன். அந்த அளவு சாய்வையே இக்கருவிகள் பிடித்துவிடும். மலையில் நட்ட ஜி.பி.எஸ். கருவிகளும், விண்ணிலிருந்து ரேடார் அலைகளால் நிலத்தை அளக்கும் செயற்கைக்கோள்களும் இப்போது கூடச் சேர்ந்திருக்கின்றன.

ஆனால் கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டால் பயனில்லை. அமைதியான நாளில் அந்த மலை எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும். நேற்றைய அளவு தெரியாதவனுக்கு இன்றைய அளவு வெறும் எண். ஜாகர் குடியேறியதன் அருமை அங்கேதான் இருக்கிறது. வெடிக்காத நாட்களையும் அவர் அளந்து வைத்தார்.

உங்கள் நண்பன் சாதாரண நாளில் எப்படிச் சாப்பிடுவான், எத்தனை மணிக்குத் தூங்குவான், எதற்குச் சிரிப்பான் என்று தெரிந்து வைத்திருக்கிறீர்களா? தெரிந்தால்தான் அவன் மாறும்போது உங்களுக்குத் தெரியும். அம்மா சமைக்கும்போது ஏதாவது பாட்டை முணுமுணுப்பார்களா? அது நின்றுபோனால் உங்கள் காதுக்கு எட்டுமா? முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்போது எல்லோருக்கும்தான் தெரியும். அதற்கு வெகு முன்னதாகவே பார்க்கத் தெரிய வேண்டும். உங்களையும் நீங்கள் அப்படிப் பார்க்கலாம். தூக்கம் எத்தனை நாளாகக் கெட்டிருக்கிறது, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவது எப்போது தொடங்கியது என்று நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி வைத்தாலே போதும், சாய்வு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

செயின்ட் ஹெலன்ஸின் வடக்குச் சரிவு

அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது செயின்ட் ஹெலன்ஸ் மலை. பனி போர்த்திய கூம்பு. வடக்கு அடிவாரத்தில் ஸ்பிரிட் ஏரி. 1857-க்குப் பிறகு 123 ஆண்டுகள் அடங்கிக் கிடந்தது. 1980 மார்ச் 20-இல் அதன் அடியில் 4.2 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. ஒரு வாரத்தில், மார்ச் 27-இல், உச்சியில் நீராவி வெடித்து ஒரு பள்ளம் விழுந்தது. செய்தியாளர்கள் வந்தார்கள், வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. எல்லோருடைய கண்ணும் உச்சிப் புகையின்மீது இருந்தது. உண்மையில் அந்தப் புகையில் வந்ததெல்லாம் பழைய பாறைத் தூளும் நீராவியும்தான். புதுக்குழம்பு ஒரு துளிகூட அப்போது வெளியே வரவில்லை.

அது மலையின் வயிற்றுக்குள் நுழைந்து, உச்சிக்கு வராமல், வடக்குச் சரிவைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. சரிவில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு புடைப்பு எழுந்தது. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வீதம் அது வெளியே வந்தது. மே 17-க்குள் புடைப்பின் சில பகுதிகள் 140 மீட்டர்வரை தள்ளப்பட்டிருந்தன.

இதை எப்படி அளந்தார்கள் தெரியுமா? புடைப்பின்மேல் எதிரொளிப்பான்களை நட்டு, எதிர்ப்பக்க மலைமுகட்டிலிருந்து லேசர் கதிரை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டார்கள். கதிர் போய்வரும் தூரம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. மலை அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஏரியையும் விட்டுவைக்கவில்லை. கரையோரத்தில் மர அளவுகோல்களை ஆணியடித்து நிறுத்தி நீர்மட்டத்தைப் படித்தார்கள். தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும்; ஒரு கரையில் அளவு ஏறி மறுகரையில் இறங்கினால் சாய்ந்தது நிலம் என்று பொருள். விலை உயர்ந்த கருவிக்காகக் காத்திராமல் கையில் கிடைத்த அளவுகோலையே நம்பிக்கையோடு பயன்படுத்திய அந்த மனப்பான்மையை நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். கவனிக்க மனம் இருந்தால் கருவி தானாக வந்து சேரும்.

ஏப்ரல் கடைசியில் உச்சி வெடிப்புகள் நின்றன. மே முதல் வாரம்வரை மேலே அமைதி. மலை அடங்கிவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். சாலைகளைத் திறந்துவிடச் சொல்லி நெருக்கினார்கள். புடைப்பு மட்டும் அதே வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. ஏரிக்கரையில் விடுதி நடத்திய 83 வயது ஹாரி ட்ரூமன் இடத்தை விட்டு நகர மறுத்தார். அந்த மலையோடு பல்லாண்டு வாழ்ந்தவர். அது தன்னை ஒன்றும் செய்யாது என்று உறுதியாக நம்பினார். மே 17 அன்று, ஏரிப்பக்கம் வீடு வைத்திருந்தவர்கள் பொருள்களை எடுத்துவரக் காவல் துணையோடு அனுமதிக்கப்பட்டார்கள். மறுநாள் காலை 10 மணிக்கு இன்னொரு குழு போவதாக ஏற்பாடு.

மே 18, ஞாயிற்றுக்கிழமை. மலைக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், முகட்டின்மீது இருந்த கண்காணிப்பு நிலையத்தில் டேவிட் ஜான்ஸ்டன் என்ற 30 வயது எரிமலையியலாளர் பணியில் இருந்தார். காலையில் லேசர் அளவீடுகளை எடுத்து வானொலியில் அனுப்பினார். முந்தைய நாட்களைப் போலவே இருந்தன. புடைப்பின் வேகத்தில் மாற்றம் இல்லை. வாயுவிலும் எச்சரிக்கை இல்லை. 8 மணி 32 நிமிடத்துக்கு 5.1 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. சில நொடிகளில் வடக்குச் சரிவு மொத்தமாகக் கழன்று சரிந்தது. இரண்டரை கன கிலோமீட்டர் பாறை. வரலாற்றில் பதிவானவற்றில் மிகப் பெரிய நிலச்சரிவு. மேல்மூடி போனதும் உள்ளே அடைபட்டிருந்த குழம்பும் நீராவியும் பக்கவாட்டில் சீறின. ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் பரப்பு பாழானது. காடு காடாக மரங்கள் சாய்ந்தன. மலை 400 மீட்டர் உயரம் குறைந்தது. ஜான்ஸ்டன், ட்ரூமன் உட்பட 57 பேர் இறந்தார்கள். சாலைகளை மூடியே வைத்திருந்ததால், அன்று அங்கே போயிருக்கக்கூடிய பெருங்கூட்டம் தப்பியது. வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவரில் உள்ள எரிமலை ஆய்வு நிலையம் இன்று ஜான்ஸ்டனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கடைசிக் காலையின் அளவீடு என்னை உலுக்கும். நாளொன்றுக்கு இரண்டு மீட்டர். நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான். ஒரே வேகத்தில் போவதால் ஆபத்து குறைவு என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு நாளும் அது சேர்ந்துகொண்டே போனது. கடைசியில் வந்த நிலநடுக்கம், ஏற்கெனவே தளர்ந்து தொங்கிய சரிவை உதிர்த்துவிட்டது.

வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. ஒரு மகன் வீட்டை விட்டுக் கிளம்பிப் போவான். அன்று அப்பா சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம் என்று ஊரே பேசும். அந்த வார்த்தை ஒரு சின்ன அதிர்வு. அதற்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வந்தது எது என்று யாரும் கேட்பதில்லை. சண்டை முடிந்தபின் கடைசி வார்த்தையைப் பிடித்துத் தொங்காதீர்கள். எப்போதிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது என்று பின்னோக்கிப் பாருங்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடமும் மன்னிக்க வேண்டிய இடமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வாயு குறைந்த நாட்கள்

பிலிப்பைன்ஸ் நாட்டின் பினடூபோ மலையைப் பற்றி அடுத்துச் சொல்ல வேண்டும். சுமார் 500 ஆண்டுகள் உறங்கிய மலை. அதன் சரிவுகளில் அய்ட்டா என்னும் பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். 1991 ஏப்ரல் 2-இல் நீராவி வெடித்தது. மலையில் வாழ்ந்தவர்களே முதலில் கண்டு, இறங்கி வந்து தகவல் சொன்னார்கள். ரேமுண்டோ புனோங்பயான் தலைமையிலான அந்நாட்டு எரிமலை, நிலநடுக்க ஆய்வு நிறுவனமும், அமெரிக்காவிலிருந்து வந்த நிபுணர்களும் கருவிகளை நட்டார்கள்.

மே 13-இல் அளந்தபோது மலையிலிருந்து நாளொன்றுக்கு 500 டன் கந்தக டை ஆக்சைடு வெளிவந்தது. மே 28-இல் அது 5,000 டன்னைத் தாண்டியது. புதுக்குழம்பு மேலே வந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி. பிறகு அந்த அளவு சட்டென்று சரிந்தது. விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நிம்மதி அடைவார்கள். குழம்பு ஏறிக்கொண்டிருக்கும்போது வாயு குறைந்தால், அது வெளியேறும் வழி அடைபட்டிருக்கக்கூடும். அப்படியானால் இனி அழுத்தம் உள்ளேதான் ஏறும் என்று விஞ்ஞானிகள் கவலைப்பட்டார்கள். சில நாட்களில் நிலநடுக்கங்கள் பெருகின, தரை சாய்ந்தது. ஜூன் 7-இல் உச்சியில் கெட்டிக்குழம்பு மேடாக எட்டிப் பார்த்தது.

எச்சரிக்கையை மக்கள் நம்ப வேண்டுமே! எரிமலை ஓட்டம் எப்படி இருக்கும் என்பதைக் காட்டும் காணொளி ஒன்றை ஊர் ஊராகப் போட்டுக் காண்பித்தார்கள். அதைப் படமாக்கியவர்கள் மோரிஸ், காட்யா கிராஃப்ட் என்ற பிரெஞ்சுத் தம்பதி. அதே ஆண்டு ஜூன் 3-இல் ஜப்பானின் உன்சென் எரிமலையில் அவர்கள் உயிர் இழந்தார்கள். அவர்கள் எடுத்த காட்சிகள் அந்நேரத்தில் பிலிப்பைன்ஸில் உயிர்களைக் காத்துக்கொண்டிருந்தன. ஜூன் 10-இல் அருகிலிருந்த கிளார்க் விமானப்படைத் தளம் காலி செய்யப்பட்டது. பல்லாயிரம் மக்கள் வெளியேறினார்கள். ஜூன் 15-இல், புயலும் மழையும் சேர்ந்த நாளில், மலை வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று அது. நனைந்த சாம்பலின் கனம் தாங்காமல் கூரைகள் விழுந்து சில நூறு பேர் இறந்தார்கள். ஆனாலும் முன்கூட்டியே வெளியேற்றியதால் குறைந்தது 5,000 உயிர்கள் காக்கப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள்.

இதில் உள்ள பாடத்தை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புலம்புகிறவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. இத்தனை நாள் புலம்பியவர், காரணம் எதுவும் தீராமலே, திடீரென்று வாயை மூடிக்கொண்டால்தான் பயம். “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்ற பதிலை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று சும்மாவா சொன்னார்கள்?

என்னிடம் படித்த ஒரு பையன் தேர்வுக்கு முந்தைய மாதங்களில் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டிருப்பான். விடுதிச் சாப்பாடு சரியில்லை, பாடம் புரியவில்லை, வீட்டில் பணம் அனுப்பவில்லை. ஒரு கட்டத்தில் எல்லாக் குறையும் நின்றது. கேட்டால் மரியாதையாகச் சிரித்தான். என்ன விஷயம் என்று நேரடியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான். பாறை மாதிரிகளை அடுக்கிய தட்டுகளை ஆய்வகத்திலிருந்து சேமிப்பறைக்கு மாற்ற வேண்டியிருந்தது; ஒத்தாசைக்கு வா தம்பி என்று கூப்பிட்டேன். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். முகத்துக்கு முகம் பார்க்காமல், கையில் வேலையோடு நடக்கும்போது அவனுக்கு வாய் திறந்தது. தட்டுகள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் நாங்கள் அந்தச் சேமிப்பறையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். மருத்துவரைப் பார்த்தான், ஒரு பருவம் படிப்பை நிறுத்தி வைத்தான், திரும்பி வந்து முடித்தான். இன்று அவனே ஓர் ஆசிரியர். வழி அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தால் இடித்துத் திறக்கப் பார்க்காதீர்கள். பக்கத்தில் சேர்ந்து நடங்கள். அவர்களுக்கு ஏற்ற வழியில் அவர்களே திறப்பார்கள்.

கசிவதற்கு வழி இருக்கட்டும்

மறுபடி கிலாவேயாவுக்கு வருகிறேன். 1983-இல் தொடங்கிய அதன் ஒரு வெடிப்பு 2018 வரை, ஏறக்குறைய 35 ஆண்டுகள், விட்டும் தொடர்ந்தும் லாவாவைக் கக்கிக்கொண்டிருந்தது. குழம்பு இளக்கம், வாயு தப்ப வழி உண்டு. அதனால்தான் மக்கள் அதை எட்ட நின்று பார்க்க முடிந்தது. அதற்காகக் கிலாவேயா பரம சாது என்று நான் சொல்லவில்லை. 1790-இல் அது வெடித்தபோது போர்வீரர்களின் கூட்டமே மாண்டது. 2018 மே மாதத்தில் கீழ்ச்சரிவில் குடியிருப்புகளுக்கு நடுவே நிலம் பிளந்து லாவா வந்தது. 700-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. ஆனால் லாவா வந்த வேகத்தில் மனிதர்கள் விலகிப் போக அவகாசம் இருந்தது. வீடுகள் போன இடத்தில் உயிர்கள் நின்றன.

கோபத்தை அவ்வப்போது சொல்லிவிடுகிறவர்களோடு வாழ்வது கொஞ்சம் சங்கடம்தான். சில பொருள்கள் சேதமாகும், சில நாள் மனம் கசக்கும். ஆனாலும் அவர்களிடம் உங்களுக்கு அவகாசம் உண்டு. நீங்களும் உங்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு அந்த அவகாசத்தைக் கொடுங்கள். பிடிக்காததைச் சின்னதாக இருக்கும்போதே, சின்னக் குரலில் சொல்லிவிடுங்கள். ‘எனக்கு இது கஷ்டமாக இருக்கிறது’ என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ உறவுகளைக் காப்பாற்றும். பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். மரியாதை குறையாமல் சொல்ல முடியும். சொல்லாமல் சேர்த்து வைத்து ஒருநாள் கொட்டுவதில்தான் மரியாதை போகிறது. ஓடுவது, பாடுவது, எழுதுவது, கோயிலோ மசூதியோ தேவாலயமோ போய் உட்கார்ந்துவிட்டு வருவது எல்லாமே வழிதான். உங்களுக்கு எது ஒத்துவருகிறதோ அதை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை வெடித்தால் தீர்ந்துவிடுமா?

ஜப்பானின் தெற்கே ககோஷிமா வளைகுடாவில் சகுராஜிமா எரிமலை இருக்கிறது. 1914 ஜனவரி 11-இல் அங்கே நிலநடுக்கங்கள் அடுத்தடுத்து வந்தன. தீவில் பலர் முன்னோர் சொன்ன பழைய வெடிப்பின் கதைகளை நினைவில் வைத்திருந்ததால் படகேறிக் கிளம்பினார்கள். கிராமத் தலைவர் ககோஷிமாவின் வானிலை நிலையத்தைக் கேட்டபோது சகுராஜிமா வெடிக்காது என்ற பதில் வந்தது. அதை நம்பித் தங்கியவர்களுக்கு, ஜனவரி 12 அன்று மலை வெடித்ததும் குளிர்காலக் கடலில் குதிக்க நேர்ந்தது. சிலர் கரை சேரவில்லை. வெளிவந்த லாவா கடலைத் தூர்த்துத் தீவை நிலத்தோடு இணைத்தது. பத்தாண்டு கழித்து அந்தக் கிராமத்தார் ஒரு கல்லை நட்டார்கள். கோட்பாட்டை நம்பிக் காத்திருக்காதீர்கள், அறிகுறியைக் கண்டதும் கிளம்பத் தயாராகுங்கள் என்பது அதன் சாரம். விஞ்ஞானத்தை ஆயுள் முழுக்கக் கற்பித்தவனாக நான் அந்தக் கல்லை மதிக்கிறேன். கண்முன் நிலம் ஆடும்போது, எவ்வளவு பெரியவர் சொன்னாலும், கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

வெடிப்புக்குப் பிறகு அளந்தபோது வளைகுடாவைச் சுற்றியிருந்த நிலம் அமிழ்ந்திருந்தது. அடியில் இருந்த குழம்பு காலியானதால் மேல்தரை தாழ்ந்துவிட்டது. அந்த அளவீடுகளைக் கொண்டுதான் கியோ மோகி என்ற ஜப்பானிய அறிவியலாளர் 1958-இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார். மேலே நிலம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து, கீழே எவ்வளவு ஆழத்தில் அழுத்தம் மாறுகிறது என்று கண்டுபிடிக்கும் முறை அது. உலகெங்கும் எரிமலை ஆய்வாளர்கள் இன்றும் முதலில் கையில் எடுப்பது மோகியின் கணக்கைத்தான். அதே நிலம் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பி, 1914-க்கு முந்தைய உயரத்தின் பெரும்பகுதியை மீண்டும் எட்டிவிட்டது. கீழே மறுபடி நிரம்புகிறது.

எல்லாவற்றையும் ஒருநாள் கொட்டித் தீர்த்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். கொட்டினால் அன்றைக்குத் தரை தாழும். குழம்பு வரும் வழி அப்படியே இருந்தால் மறுபடி நிரம்பும். கோபம் தீர்ந்ததா என்று மட்டும் பார்க்காமல், எங்கிருந்து ஊறுகிறது என்று பாருங்கள். வேலை நேரமா, பணத் தட்டுப்பாடா, தன்னை யாரோடோ ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் பழக்கமா? ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

சகுராஜிமாவைப் பார்த்தபடி ககோஷிமா நகரில் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் வாழ்கிறார்கள். எரிமலை ஓரத்துப் பிள்ளைகள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். வாசலில் விழும் சாம்பலைக் கூட்டிப் போட மஞ்சள் பைகளை நகராட்சியே கொடுக்கிறது. 1914 வெடிப்பின் நினைவாக ஆண்டுதோறும் வெளியேறும் ஒத்திகை நடத்துகிறார்கள். யார் எந்தப் படகில் ஏறுவது, முதியவர்களை யார் கூட்டிப் போவது என்பதை மலை சும்மா இருக்கும் நாளில் பழகிக்கொள்கிறார்கள். பயந்து ஊரைக் காலி செய்யவும் இல்லை, பயமே இல்லை என்று வீறாப்புப் பேசவும் இல்லை. எனக்குத் தெரிந்து அழுத்தத்தோடு வாழ்வதற்கு இதைவிடச் சிறந்த முறை கிடையாது.

நீங்களும் உங்கள் ஒத்திகையை நல்ல நாளிலேயே செய்துவிடுங்கள். எனக்குத் தாங்க முடியாமல் போனால் முதலில் யாரைக் கூப்பிடுவேன் என்று இப்போதே ஒரு பெயரை முடிவு செய்யுங்கள். அவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். நாம் இருவரும் சண்டை போட்டால் எப்படிப் பேசித் தீர்த்துக்கொள்வது என்று கணவனும் மனைவியும் சண்டை இல்லாத நாளில் பேசிக்கொள்ளலாம். நண்பர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்: நான் உன் அழைப்பைத் தொடர்ந்து எடுக்காமல் இருந்தால், கோபித்துக்கொள்ளாமல் நேரே வீட்டுக்கு வந்துவிடு. இப்படி முன்கூட்டியே பேசி வைத்தவர்களுக்கு நெருக்கடி நேரத்தில் வார்த்தை தேட வேண்டியிருக்காது. இந்த வாரமே, யாருக்கும் எதுவும் ஆகாத ஒரு சாதாரண நாளில், உங்களுக்கு வேண்டிய ஒருவரோடு உட்கார்ந்து இதைப் பேசி முடியுங்கள்.